கல்லூரி வாசலுக்கு முன்னே: எல்லையோரப் பெற்றோர் செய்ய வேண்டுவன



காலை நேரத்தில் பாறசாலை ரயில் நிலையத்துக்குச் சென்றால் நம் பிள்ளைகளின் கூட்டம் இரு கூறாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். ஒரு சாரார் வடக்கே திருவனந்தபுரம் செல்லும் வண்டிக்குக் காத்திருக்கின்றனர். மற்றொரு சாரார் தெற்கே குழித்துறை, நாகர்கோவில் செல்லும் வண்டியை எதிர்பார்த்து நிற்கின்றனர். ஒரே தெருவில் விளையாடிய பிள்ளைகள்; ஒரே சங்கத்துப் பொங்கல் விழாவில் பரிசு வாங்கிய பிள்ளைகள். ஆயினும் கல்லூரி என்று வரும்போது ஒருவர் ஒரு மாநிலத்துக்கும், மற்றவர் வேறொரு மாநிலத்துக்கும் போகின்றனர்.

நான் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். கல்லூரிப் படிப்பைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால், நமது சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலான பெற்றோர் என்னைப் போன்றவர்களே. கல்லூரியின் உட்புறத்தைக் காணாத நாம், நம் பிள்ளைகளை அதனுள் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் எனது சாளரத்துக்கு முன்னே வந்து, "தம்பி, இந்த விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் தகப்பன்மாரையும் தாய்மாரையும் பார்க்கிறேன். அவர்களுள் பலர் கேட்க வேண்டிய கேள்வியை மூன்றாண்டு தாமதித்துக் கேட்கின்றனர். அந்தத் தாமதம் இனியேனும் நேராதிருக்க வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாம் நிற்கும் இடம்

1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரைச் சேர்ந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் இருந்த தமிழ்க் குடும்பங்கள் வீட்டை விட்டு ஓர் அடியும் நகராமலேயே வேற்று மாநிலத்தில் வாழும் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். அதன் பின்னர், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் கடை, கட்டட வேலை, ரயில்வே உத்தியோகம் என்று பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள் பலர். இவர்களுக்கெல்லாம் முன்னமே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராமபுரத்தில் நெசவுத் தொழிலை நிலைநாட்டுவதற்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. அவர்கள் வளர்த்த கைத்தறிக்கு 2009 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்த மண்ணில் தமிழ்ப் பிள்ளைகள் கல்வியால் உயர்ந்தது புதிதன்று. மனோன்மணீயம் நாடகத்தை இயற்றிய சுந்தரம் பிள்ளை 1855 ஆம் ஆண்டு ஆலப்புழையில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியிலே தத்துவப் பேராசிரியராக விளங்கினார். இன்று எல்லைக்கு அப்பாலுள்ள குமரி மாவட்டக் கல்லூரிகள் எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆளுகையில் இருக்கின்றனவோ, 1990 ஆம் ஆண்டு தோன்றிய அந்தப் பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எல்லைக்கு இப்பாலுள்ள கல்லூரிகளோ, 1937 ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய கேரளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ஆக, நம் பிள்ளை இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நடுவே நிற்கிறது. வழி இரண்டு இருப்பது நன்மையே. ஆனால் எந்த வழியில் எப்போது திரும்ப வேண்டும் என்று தெரியாதவனுக்கு அதுவே இடர்ப்பாடு ஆகிவிடும்.

தாய்வீட்டுப் பிரசவமும் பிறப்பிடச் சான்றும்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். தகப்பனார் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே துணிக்கடையில் வேலை பார்ப்பவர். நம் வழக்கப்படி மூத்த பிள்ளையின் பிரசவத்துக்குத் தாயார் தமது தாய்வீட்டுக்குச் சென்றார். குழந்தை அங்கே பிறந்தது. பிறப்புச் சான்றும் அங்கேயே பதிவாயிற்று. பிள்ளை எட்டாம் வகுப்பு வரை இங்கே படித்தான். பிறகு, பஸ் வசதி நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஒன்பதாம் வகுப்பில் எல்லைக்கு அப்பாலுள்ள பள்ளியில் சேர்த்தார்கள். பையன் கெட்டிக்காரன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். பொறியியல் படிக்க ஆசைப்பட்டான்.

அப்போதுதான் சிக்கல் தோன்றியது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அம்மாநிலத்திலேயே படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்று தேவையில்லை. மற்றவர்கள் அதைக் காட்ட வேண்டும். இவன் எட்டாம் வகுப்பைக் கேரளத்தில் படித்தவன். ஓராண்டு குறைந்தது. சான்று கேட்டுச் சென்றால், "இருபது வருஷமாகக் கேரளத்தில் அல்லவா இருக்கிறீர்கள்? பழைய ஆதாரம் கொண்டு வாருங்கள்" என்றார்கள். இங்கே கேரளத்து நுழைவுத் தேர்வு விண்ணப்பத்திலோ, மாணவர்களைக் கேரளத்தார் என்றும் கேரளத்தார் அல்லாதார் என்றும் பிரிக்கிறார்கள். பின்னவருக்குச் சாதி இட ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கிடையா. பிறந்ததும் அங்கே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அங்கே. ஆதலால் இவன் இங்கேயும் அயலான் ஆனான். தகப்பனார் தாத்தாவின் நிலப் பத்திரத்தைத் தேடி எடுத்துச் சான்று வாங்கி வருவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிட்டது. பையனுக்கு ஓராண்டு வீணாயிற்று.

அவர்கள் செய்த பிழை என்ன? தாய்வீட்டுப் பிரசவம் பிழையன்று. பள்ளி மாற்றியதும் குற்றமன்று. மாற்றுவதற்கு முன்னால் யாரிடமும் கேளாததுதான் பிழை. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு முடிவு செய்யுங்கள். நம் பிள்ளையின் மேற்படிப்பு எந்த மாநிலத்தில்? அந்த முடிவுக்கு ஏற்ப எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒரே மாநிலத்தில் படிக்க வைப்பதே நலம்.

இந்த முடிவில் மேலும் சில செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 ஆம் ஆண்டு முதல் மருத்துவக் கல்வியிலும், 2021 ஆம் ஆண்டு முதல் பொறியியல் முதலிய தொழிற்கல்வியிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2022 ஆம் ஆண்டு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவியருக்கும், 2024 ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவருக்கும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறார்கள். இவையும் அங்குள்ள பள்ளியில் படித்தவர்களுக்கே. கேரளத்துப் பள்ளியில் படித்துவிட்டு மார்த்தாண்டத்துக் கல்லூரியில் சேரும் நம் பெண்ணுக்கு அந்த உதவி கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

சாதிச் சான்று பற்றியும் ஒரு சொல். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ள சாதி மற்றொரு மாநிலத்தின் பட்டியலிலும் அதே பிரிவில் இருக்கும் என்பதில்லை. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒருவர் உத்தியோகத்தின் பொருட்டுப் பம்பாய்க்குச் சென்றார். அவர் மகன் அங்கே மருத்துவக் கல்லூரியில் அப்பிரிவில் இடம் கேட்டான். குடிபெயர்ந்து சென்ற மாநிலத்தில் அவ்வுரிமை தொடராது என்று 1990 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. நம்மவர் பலர் இதை அறியார். தகப்பன் வழியில் எந்த மாநிலத்தவர், அந்த மாநிலத்தில் எந்தப் பிரிவு என்பதைப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்துத் தெளிந்து கொள்ளுங்கள். மத்திய அரசுக் கல்வி நிலையங்களில் பிற்பட்ட வகுப்பினர் ஒதுக்கீடு கோருவதற்கு அதற்கென்று தனி வடிவில் சான்று வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே எழுதுகிறோம்; இங்குள்ள பள்ளிகளில் பின்னே எழுதுகிறார்கள். ஆதாரில் ஒரு விதம், பிறப்புச் சான்றில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதம் என்று மூன்று பெயரோடு நம் பிள்ளைகள் நடமாடுகின்றனர். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன்பு விவரங்களைச் சரிபார்க்கும்படி பள்ளியில் கேட்பார்கள். அன்றைக்கு அரைநாள் கூலி போனாலும் பாதகமில்லை. நேரிலே சென்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். பின்னர்த் திருத்துவதற்கு அலையும் அலைச்சல் பெரிது.

மூன்று மொழிகளுக்கு நடுவே

வீட்டிலே தமிழ், வகுப்பிலே மலையாளம், மேல்வகுப்புப் பாடநூலிலே ஆங்கிலம். இதுவே நம் பிள்ளையின் நிலை. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு மொழிச் சிறுபான்மையினருக்கு அரசியலமைப்பின் 350 அ பிரிவு வகை செய்கிறது. 1956 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு அது. ஆனால் அது தொடக்க நிலையைப் பற்றியதே. உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபின் மொழியின் சுமையைப் பெரும்பாலும் குடும்பமே தாங்க வேண்டியிருக்கிறது.

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். ஒருநாள் இயற்பியல் பாடத்தைப் படித்துவிட்டு, "அப்பா, பலம் என்றால் என்ன?" என்று கேட்டாள். "உடம்பின் வலு" என்றேன். அவள் சிரித்தாள். வகுப்பிலே மலையாளத்தில் பலம் என்று அவர்கள் சொல்வது, தமிழ்ப் பாடநூலில் விசை என்பதாம்; ஆங்கிலத்தில் ஃபோர்ஸ் என்பதாம். அன்று மாலையே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி மூன்று கட்டமாகக் கோடு போட்டோம். முதற்கட்டத்தில் வகுப்பில் கேட்ட மலையாளச் சொல். இரண்டாவதில் தமிழ்ச் சொல். மூன்றாவதில் ஆங்கிலச் சொல். பிண்டம் என்பது நிறை, அது மாஸ். பிரவேகம் என்பது திசைவேகம்; அது வெலாசிட்டி. துவரணம் என்பது முடுக்கம், அது ஆக்ஸிலரேஷன். பிரகாச சம்சிலேஷணம் என்று ஆசிரியர் சொன்னது ஒளிச்சேர்க்கையே. தமிழ்ச் சொற்களை அறியத் தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களைப் பயன்படுத்துகிறோம். அவை இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.

இந்த நோட்டினால் இரண்டு பயன் கண்டேன். முதலாவது, பதினோராம் வகுப்பில் பாடம் ஆங்கிலத்துக்கு மாறும்போது பிள்ளை திகைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, சொல்லின் பொருளைத் தாய்மொழியில் அறிந்தபின் பாடம் நெஞ்சில் நிற்கிறது. மனப்பாடம் செய்து ஒப்பிப்பவன் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் தடுமாறுவான். பொருள் அறிந்தவன் தடுமாறான்.

மலையாளம் படிப்பதால் தமிழ் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. 1876 ஆம் ஆண்டு தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அவ்வூர் அன்று திருவிதாங்கூரில் இருந்தமையால், பள்ளியில் மலையாளமே பயின்றார். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரான் என்னும் பெரியாரிடம் தனியே கற்றார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியிலும் ஆசிரியராகப் பணியாற்றினார். அவர் தமிழ் குறைந்ததா? பள்ளியில் கிடைக்காததை வீட்டிலும் வெளியிலும் தேடிக் கொடுத்தார்கள், அவ்வளவே. நம் பிள்ளைகளுக்கும் மலையாளம் நன்றாக வரட்டும். ஆசிரியரிடம் துணிந்து கேள்வி கேட்பதற்கு அம்மொழி வேண்டும். அதனோடு நாள்தோறும் கால் மணி நேரம் தமிழ் நாளிதழை உரக்கப் படிக்கச் செய்யுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் ஆசிரியை ஆகலாம்

"எங்களுக்கே ஒன்றும் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று தாய்மார் சொல்வதுண்டு. சொல்லிக் கொடுக்க வேண்டாம்; கேட்டுக்கொண்டால் போதும். அடுப்படியில் வேலை செய்து கொண்டே, "இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினார்கள்? எனக்குப் புரியும்படி சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் சொல்லத் தொடங்கும். எங்கே சொல்ல முடியாமல் நிற்கிறதோ, அந்த இடம் அதற்கே விளங்கவில்லை என்று பொருள். "அதை நாளைக்கு வாத்தியாரிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லு" என்று விட்டுவிடுங்கள். இதைவிடச் சிறந்த தனிப்பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இதற்குக் காசும் இல்லை.

வீடு சிறிதாயினும் படிப்பதற்கு ஓர் இடமும் ஒரு நேரமும் நிலையாக இருக்கட்டும். இரவு ஏழரை முதல் ஒன்பதரை வரை தொலைக்காட்சியை அணைத்துவிடுவது என்று தீர்மானித்தால், பெரியவர்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுத் தகப்பன் தன் கைப்பேசியில் படம் பார்த்துக் கொண்டிருந்தால் அது உபதேசமாகாது. பரீட்சைக் காலத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லவில்லை என்று யாரும் மனத்தாங்கல் கொள்ள மாட்டார்கள், கொண்டாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மலையாளம் சரளமாக வராது என்னும் கூச்சத்தால் பின் வரிசையில் இருந்துவிட்டுத் திரும்புகிறோம். இவ்வூர் ஆசிரியர்களில் பெரும்பாலோர்க்கு நம் தமிழ் நன்றாகவே விளங்கும். "என் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தாலும் போதும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மதிப்பெண் குறைந்த நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். வளரும் பிள்ளையின் மனம் மென்மையானது. குறைந்த மதிப்பெண்ணை வீட்டில் அச்சமின்றிச் சொல்லக்கூடிய பிள்ளைக்குத்தான் உரிய நேரத்தில் உதவி செய்ய முடியும்.

எந்தப் பிரிவு? யாருடைய ஆசை?

கேரளத்தில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பதினோராம் வகுப்புக்கு ஒற்றைச் சாளர முறையில் விண்ணப்பிக்கிறோம். பள்ளிகளையும் பாடப் பிரிவுகளையும் நாம் விரும்பும் வரிசையில் எழுத வேண்டும். மேலே எழுதியது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதியவை தாமே நீங்கிவிடும். ஆகவே, வேண்டாத பிரிவை மேலே எழுதிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை. தன் உள்ளாட்சி எல்லைக்குள்ளும் தாலுகாவுக்குள்ளும் உள்ள பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்க்குச் சிறிதளவு கூடுதல் மதிப்பு உண்டு. அட்சயா மையத்தில் இருப்பவர் அவசரத்தில் நிரப்புவதை அப்படியே ஏற்காமல், வீட்டிலேயே வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

கணிதம் இன்றிப் பொறியியலுக்குப் போக இயலாது. மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும். வணிகவியலும் மானிடவியல் பாடங்களும் தாழ்ந்தவை என்று நினைப்பது தவறு. கணக்காளர், வழக்கறிஞர், ஆசிரியர், அரசு அதிகாரி ஆகப் பலர் அவ்வழியில் சென்றிருக்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்பில்தான் மதிப்பெண் முக்கியம் என்று எண்ணிப் பதினோராம் வகுப்பில் ஓய்வெடுப்பது நம் பிள்ளைகளின் பெருந்தவறு. கேரளத்தில் இரண்டாண்டுப் பொதுத் தேர்வு மதிப்பெண்களும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. பொறியியல் தரவரிசைக்கும் நுழைவுத் தேர்வோடு அம்மதிப்பெண் சேர்கிறது.

பதினோராம் வகுப்புக்குப் போகாமல் தொழிற்கல்விக்குச் செல்வதும் நல்வழியே. நெய்யாற்றின்கரையில் அரசுப் பாலிடெக்னிக் இருக்கிறது. தனுவச்சபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும் வழியுண்டு. கைத்திறன் மிக்க பிள்ளையை வற்புறுத்தி வேறு பிரிவில் தள்ளுவதைவிட இது நன்று.

பட்டப்படிப்புக்கு நம் பக்கத்திலேயே கல்லூரிகள் பல. தனுவச்சபுரத்து வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரியும், மார்த்தாண்டத்து நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியும் 1964 ஆம் ஆண்டு தோன்றியவை. நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும், திருவனந்தபுரத்தில் 1866 ஆம் ஆண்டு தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் உள்ளன. ஒரு வேறுபாட்டை மட்டும் அறிந்து கொள்ளுங்கள். கேரளத்தில் 2024 ஆம் ஆண்டு முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு முறை வந்திருக்கிறது. மூன்றாண்டு முடிந்ததும் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டும் தொடர்ந்தால் ஆனர்ஸ் பட்டம். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பே நடக்கிறது. குடும்பத்தின் வரவு செலவுக்கு இது தொடர்புடையது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையிடம் கேளுங்கள். நமக்குக் கிடைக்காத படிப்பைப் பிள்ளையின் தலையில் சுமத்துவது அன்பு போலத் தோன்றும். ஆனால் அது அன்பாகாது.

பணமும் பிரயாணமும்

சிறு வயதிலேயே சேமிப்பைத் தொடங்குவது நலம். பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறைவதற்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் செலுத்தினாலும் கணக்கு நிலைக்கும். பத்தாம் வகுப்புத் தேறிய பின் அல்லது பதினெட்டு வயதான பின், இருப்பில் பாதி வரை மேற்படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் தகுதித் தேர்வு நடக்கிறது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேற்படாத பிள்ளைகள் இதை எழுதலாம். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைக்கும். நம் குடும்பங்களில் இதைப் பற்றி அறியாதவர்களே மிகுதி. எட்டாம் வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள். கல்விக் கடன் வாங்க நேர்ந்தால், 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்துப் பிணையம் கேட்பதில்லை. ஐந்து வட்டி, பத்து வட்டிக்காரரிடம் போகும் முன்னர் வங்கிக்குப் போங்கள்.

என் துறையைச் சேர்ந்த செய்தி ஒன்று. வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே போய்வர, மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரையிலும், மாணவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட் கட்டணமின்றி வழங்கும் விதி ரயில்வேயில் உண்டு. கல்லூரி மாணவருக்குச் சீசன் டிக்கெட்டில் சலுகைக் கட்டணம் உண்டு. கல்வி நிலையத் தலைவர் கையொப்பமிட்ட சான்று கொண்டு வர வேண்டும். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நாகர்கோவில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1979 ஆம் ஆண்டு இந்த இருப்புப்பாதை திறக்கப்பட்டதால்தான் இரு பக்கத்துக் கல்லூரிகளும் நமக்கு எட்டும் தூரத்தில் வந்தன. விடுதிச் செலவுக்கு அஞ்சிப் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்த எண்ணுவோர் இதை ஒருமுறை நினைக்க வேண்டும்.

என் தகப்பனார் படிக்காத பலகை

முடிவாக, என் கதையைச் சொல்லி விடுகிறேன். என் தகப்பனார் தறி நெய்தவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். மலையாள எழுத்து அறியார். நான் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினேன். அந்நாளில் பதினோராம் வகுப்புக்குப் பள்ளி பள்ளியாகச் சென்று தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். நான் அம்மை நோயால் படுத்திருந்தேன். தகப்பனார் ஒரு பள்ளிக்குச் சென்று அறிவிப்புப் பலகையின் முன்னே வெகுநேரம் நின்றாராம். கடைசி நாள் எது என்று அதில் எழுதியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்கவும் கூச்சம். "பையன் எழுந்ததும் கூட்டி வரலாம்" என்று திரும்பிவிட்டார். நான் எழுந்து சென்றபோது சேர்க்கை முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தறியில் உட்கார்ந்தேன். அடுத்த ஆண்டு வரவில்லை.

பின்னர்ப் பத்தாம் வகுப்புத் தகுதியில் ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, தண்டவாளத்தில் சில ஆண்டு உழைத்துத் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன். குறை ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கை மட்டும் சொல்கிறேன். 2016 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில், பத்தாம் வகுப்போடு சேரும் கடைநிலை ஊழியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்புத் தேறி டிக்கெட் குமாஸ்தாவாகச் சேர்பவருக்கு 21,700 ரூபாய். பட்டம் பெற்று நிலைய அதிகாரியாகச் சேர்பவருக்கு 35,400 ரூபாய். மூவரும் ஒரே நிலையத்தில், ஒரே மழையில் நனைந்து வேலை செய்கிறோம்.

என் தகப்பனாரை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர் அந்தப் பலகையின் முன்னே நின்றதே எனக்காகத்தான். ஆனால் இன்று அத்தகைய பலகைகள் கணினியிலும் கைப்பேசியிலும் வருகின்றன. அவற்றின் முன்னே இன்னமும் நம்மவர் பலர் அவரைப் போலவே கூச்சத்தோடு நிற்கின்றனர்.

ஆகவே நமது சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் நம் சங்க அறையைத் திறந்து வைப்போம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் மேசையில் அமரட்டும். ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகளை உடைய பெற்றோர் தம் காகிதங்களை எடுத்து வரட்டும். படித்துச் சொல்ல வேண்டியதைப் படித்துச் சொல்வார்கள். எழுதித் தர வேண்டியதை எழுதித் தருவார்கள். விடுமுறை நாட்களில் நானும் வந்து அமர்வேன்.

பெற்றோர்களே, தெரியாததைக் கேட்பது இழிவன்று. கூச்சத்தை விட்டுக் கேளுங்கள், காலத்தோடு கேளுங்கள். நம் பிள்ளைகள் வடக்கே போகும் வண்டியில் ஏறினாலும் தெற்கே போகும் வண்டியில் ஏறினாலும், தாம் சேர வேண்டிய இடத்தில் சென்று இறங்கட்டும்.